ஹொக்கி வீரர் தியான் சந்த்

ஒரு கல்லூரியின் விழா மலரைப் புரட்டுவோர் பட்டம் பெற்றோர், பதவி வகித்தோர், பொருளீட்டி அறஞ்செய்தோர் ஆகியோரின் வரலாறுகளையே பெரும்பாலும் அதிற் காண்பர். அது தக்கதே. ஆயினும், ஆறாண்டுகளுக்கு மேற் பள்ளியிற் பயிலும் வாய்ப்பைப் பெறாத ஒருவரின் வரலாற்றையும் எமது மாணவர்முன் வைத்தல் பொருத்தமுடைத்து எனக் கருதி இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். அவர்தாம் உலகம் முழுவதும் ஹொக்கி மந்திரவாதி எனப் போற்றப்பெற்ற தியான் சந்த்.

அவரைப் பற்றி ஒரு கதை பல்லாண்டுகளாக வழங்கி வருகிறது. பந்து அவருடைய மட்டையை விட்டு அகலாததைக் கண்டு வியந்த அயல்நாட்டார், அம்மட்டையினுள்ளே காந்தம் பொதிந்திருக்குமோ என ஐயுற்று அதனை உடைத்துப் பார்த்தனராம். கேட்பதற்கு இனிய கதை. ஆயின் மந்திரமென்றும் காந்தமென்றும் சொல்லிவிட்டால், அவருக்கு மட்டை பிடிக்கக் கற்பித்த ஆசிரியரை நாம் மறந்துவிடுவோம். அவர் சிந்திய வியர்வையை மறந்துவிடுவோம். அவரோடு தோள்சேர்ந்து ஆடிய தோழரையும் மறந்துவிடுவோம். ஆதலின், அம்மூன்றையும் நினைவிலிருத்தி அவருடைய இளமைக் காலத்தைச் சிறிது ஆராய்வோம்.

பட்டாளத்துப் பிள்ளை

தியான் சிங் என்னும் இயற்பெயருடைய இவர் 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 29ஆம் திகதி கங்கையும் யமுனையுங் கூடும் அலகாபாத்து நகரிலே, இந்நாளிற் பிரயாக்ராஜ் என வழங்கும் ஊரிலே, பிறந்தார். இராசபுத்திர குலத்தவர். தந்தையார் பிரித்தானிய இந்திய இராணுவத்திற் பணியாற்றியவர். பட்டாளத்தார் வாழ்க்கை ஓரிடத்தில் நிலைத்திருப்பதன்று. இன்று ஓர் ஊர், நாளை மற்றோர் ஊர் என மாறிச் செல்லுங் குடும்பத்திற் பிறந்த பிள்ளைக்கு ஒழுங்கான கல்வி கிட்டுதல் அரிது. தியான் சிங்கின் பள்ளிப் படிப்பும் இவ்வாறே ஆறாண்டுகளுடன் முற்றுப்பெற்றது. ஈற்றில் அக்குடும்பம் ஜான்சி நகரிற் குடியமர்ந்தது. 1857ஆம் ஆண்டில் இராணி இலட்சுமிபாய் ஆங்கிலேயரை எதிர்த்துப் போர்க்கொடி உயர்த்திய அந்நகரே பின்னாளில் தியான் சந்தின் ஊராகவும் புகழ்பெற்றது.

உலகப் புகழ்பெற்ற விளையாட்டு வீரரெனின், தொட்டிலிற் கிடக்கும்போதே பந்தை நாடியிருப்பார் என நாம் எண்ணுதல் இயல்பு. இவர் வரலாறு அதற்கு மாறானது. தந்தையார் பட்டாளத்தில் ஹொக்கி ஆடியவர். ஆயினும் மைந்தருக்கு அவ்விளையாட்டில் நாட்டமிருக்கவில்லை. சிறுவயதில் அவர் விரும்பியது மற்போர். ஜான்சியில் தோழரோடு எப்போதேனும் பொழுதுபோக்காகப் பந்தடித்ததுண்டேயன்றி, பட்டாளத்திற் சேருமுன்னர்க் குறிப்பிடத்தக்க முறையில் ஹொக்கி ஆடியதாகத் தமக்கே நினைவில்லை என அவர் பின்னாளிற் கூறியுள்ளார். பதினாறு வயதுவரை எவரும் அவரைத் திறமைசாலி என்று சுட்டிக் காட்டவில்லை. எமது கல்லூரியில் எந்த அணிக்குந் தெரிவு செய்யப்படாது மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர் இதனைச் சற்றுச் சிந்திப்பாராக.

பாலே திவாரி என்னும் ஆசான்

1922ஆம் ஆண்டு, பதினேழு வயது நிறைந்த நாளிலே, தியான் சிங் டில்லியில் முதலாம் பிராமணர் படைப்பிரிவிற் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். பிற விளையாட்டுக்களை அப்படைப்பிரிவு அதிகம் பொருட்படுத்தவில்லை. ஹொக்கி ஒன்றையே பேணி வளர்த்தது. அங்கே சுபேதார் மேஜர் பதவி வகித்தவர் பாலே திவாரி. அவர் தாமும் நல்ல ஆட்டக்காரர், விளையாட்டிற் பெருவிருப்புடையவர். புதிதாகச் சேர்ந்த இச்சிறுவனிடத்து அவருக்கு எவ்வாறோ ஒரு பற்று உண்டாயிற்று. மட்டையைப் பிடிக்கவும், பந்தைத் தன்வயப்படுத்தவும் அவருக்கு முதன்முதற் கற்பித்தவர் பாலே திவாரியே.

பாலே திவாரி ஒலிம்பிக் பதக்கம் எதனையும் பெற்றாரல்லர். அவர் பெயரில் அரங்கமுமில்லை. அவருடைய மாணாக்கர் தம் வரலாற்றை எழுதியபோது அவரை நன்றியோடு குறிப்பிட்டமையாலேயே அவர் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. ஆசிரியத் தொழில் புரிவோர் பலரின் கதி இதுவே. தாம் கண்டெடுத்த மாணவன் உலகறிய விளங்கும்போது, அவ்வொளியில் அவர்கள் மறைந்து நிற்பர்.

பாளையத்தில் ஹொக்கிக்கென வரையறுத்த நேரம் இருக்கவில்லை. கடமை முடிந்த எவ்வேளையும் ஆட்ட வேளைதான். சிப்பாய் தியான் சிங் அவ்வேளைகளில் ஒன்றையேனும் வீணாக்கினாரல்லர். பகற்கடமை முடிந்த பின்னர், நிலவு எழும்வரை காத்திருந்து நிலவொளியிற் பயில்வாரென்றும், அது கண்ட தோழர் அவரைச் சந்திரன் எனப் பொருள்படும் சந்த் என்னும் பெயரால் அழைக்கத் தொடங்கினரென்றுங் கூறுவர். பெயர் எவ்வாறு வந்ததாயினும், தியான் சிங் மறைந்து தியான் சந்த் தோன்றியது பாளையத்து மைதானத்திலேயேயாம். 1922ஆம் ஆண்டு முதல் 1926ஆம் ஆண்டுவரை அவர் ஆடியவை அனைத்தும் பட்டாளத்தாருக்கிடையே நிகழ்ந்த போட்டிகளே. நான்காண்டு காலம் வெளியுலகம் அவரை அறியாது, அவர் உழைத்துக்கொண்டிருந்தார்.

ஹொக்கி ஆட்டத்தில் அந்நாளில் முன்னணியில் ஐவர் நிற்பர். இருவர் இரு ஓரங்களிலும், இருவர் அவர்களுக்கு உட்புறமாகவும், ஒருவர் நடுவிலும் நிற்பர். நடுவில் நிற்பவர் தியான் சந்த். எதிரிகள் எண்ணிறந்தோர் சூழ்வது அவ்விடத்தையே. ஆங்கு நின்று ஆடுபவனுக்கு வேகம் மட்டும் போதாது. பந்து மட்டையில் இருக்கும்போதே, நாற்புறமும் எவன் எங்கே நிற்கின்றான், எவன் எப்பக்கம் ஓடப்போகின்றான் என்பதை அறிதல் வேண்டும். எதிரி நெருங்குமுன் பந்தைத் தோழனுக்கு ஈதல் வேண்டும். தியான் சந்தின் கண் இவ்விரண்டிலும் தேர்ந்திருந்தது. அவர் மட்டையின் வித்தையை மட்டும் பார்த்தவர்கள் பாதியையே கண்டவராவர்.

நான்கு நிமிடமும் ஒரு கடற்பயணமும்

அக்காலத்து நிகழ்ச்சியொன்று குறிப்பிடத்தக்கது. பஞ்சாபிலுள்ள ஜீலம் நகரில் காலாட்படையினருக்கிடையே ஒரு சுற்றுப்போட்டி நடைபெற்றது. இறுதியாட்டத்தில் தியான் சந்தின் அணி இரண்டு கோல்களாற் பின்தங்கி நின்றது. ஆட்டம் முடிவதற்கு இன்னும் நான்கு நிமிடங்களே இருந்தன. மைதானத்தின் ஓரத்தில் நின்ற படைத்தலைவர் பொறுக்கமாட்டாது, ஏதேனுஞ் செய்யும்படி தியான் சந்தை நோக்கிக் கூவினார். மேலதிகாரியின் கட்டளையைச் சிப்பாய் நிறைவேற்றினார். அந்நான்கு நிமிடங்களுள் மூன்று கோல்கள் போடப்பட்டன, அணி வென்றது. மந்திரவாதி என்னும் பட்டம் அவரை ஒட்டிக்கொண்டதும் அதன் பின்னரே என்பர்.

1926ஆம் ஆண்டு இந்திய இராணுவ அணியொன்று நியூசிலாந்து செல்வதென முடிவாயிற்று. ஒருநாள் படைத்தலைவர் தியான் சந்தை அழைத்து, அவரும் அவ்வணியிற் செல்லவேண்டுமென அறிவித்தார். ஏழைச் சிப்பாய்க்கு வாயிலிருந்து ஒரு சொல்லும் எழவில்லை. குதிகளைச் சேர்த்து மிடுக்காக ஒரு வணக்கஞ் செலுத்திவிட்டு வெளியேறினார். அதிகாரியின் கண்ணுக்கு மறைந்த மறுகணமே, முயலைப்போற் பாய்ந்தோடித் தம் கூடாரத் தோழருக்கு அச்செய்தியைக் கூறினார். இந்நிகழ்ச்சியை அவர் முதுமையிலும் மறந்தாரல்லர்.

அந்தச் சுற்றுப்பயணத்தில் இராணுவ அணி 21 ஆட்டங்கள் ஆடி 18இல் வென்றது; இரண்டு சரிசமமாக முடிந்தன; ஒன்றில் மட்டுமே தோற்றது. திரும்பிவந்த தியான் சந்த் லான்ஸ் நாயக் என்னும் பதவியைப் பெற்றார். பட்டாளத்தின் ஏணியில் அது மிகத் தாழ்ந்த படிகளுள் ஒன்று. ஆயினும் கடல் கடந்து சென்று மீண்ட ஒருவருக்கு அது சிறுமையாகத் தோன்றவில்லை.

மூவர் வழியனுப்பிய அணி

இந்திய ஹொக்கிச் சம்மேளனம் 1925ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. 1928ஆம் ஆண்டு ஒல்லாந்து தேசத்து அம்ஸ்ரர்டாம் நகரில் நடைபெறவிருந்த ஒலிம்பிக் விழாவுக்கு ஓர் அணியை அனுப்ப அது விரும்பியது. அணியைத் தெரிந்தெடுத்தற்கெனக் கல்கத்தாவில் மாகாணங்களுக்கிடையே போட்டி நடத்தப்பட்டது. ஐக்கிய மாகாண அணியில் ஆடுவதற்குத் தியான் சந்துக்கு இராணுவம் விடுமுறை வழங்கிற்று. அவ்வணியே வெற்றிபெற்றது. தியான் சந்தும் தெரிவு செய்யப்பட்டார்.

தெரிவு முடிந்ததேயன்றிப் பணம் இருக்கவில்லை. இருவரை விட்டுச் செல்லவேண்டிய நிலை நேர்ந்தது. வங்காளத்தார் முன்வந்து பொருளுதவி செய்தமையால் அக்குறை நீங்கியது. புறப்படுமுன் பம்பாய் அணியோடு ஆடிய ஆட்டத்திலோ 2க்கு 3 என்னுங் கணக்கில் தோல்வி கிட்டியது. மார்ச் மாதம் 10ஆம் திகதி கைசரி ஹிந்த் என்னுங் கப்பலில் அவர்கள் பம்பாயை விட்டு நீங்கியபோது, துறைமுகத்தில் வழியனுப்ப நின்றோர் மூவரே.

அணிக்குத் தலைவர் ஜெய்பால் சிங். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திற் கற்றவர். ஆறாண்டு படித்த லான்ஸ் நாயக் ஒருவரும், ஒக்ஸ்போர்ட் பட்டதாரி ஒருவரும் ஒரே நிறச் சட்டையணிந்து ஒரே பந்தின் பின் ஓடுதல் அந்நாளைய இந்தியாவில் வேறெங்கும் எளிதிற் காணக்கூடிய காட்சியன்று.

அம்ஸ்ரர்டாமில் ஒஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், சுவிற்சலாந்து ஆகிய நாடுகளை இந்திய அணி அடுத்தடுத்து வென்றது. மே மாதம் 26ஆம் திகதி இறுதியாட்டம். எதிரணி ஒல்லாந்தர், அவர்தம் சொந்த மைதானம். இந்திய அணியிற் சிலர் நோயுற்றிருந்தனர். தியான் சந்துக்கும் காய்ச்சல். ஆயினும் சிப்பாய் களத்தினின்று விலகவில்லை. ஆட்டம் 3க்கு 0 என முடிவுற்றது. ஐந்து ஆட்டங்களிலும் இந்தியர் போட்ட கோல்கள் 29. அவற்றுள் 14 தியான் சந்துடையவை. இந்தியர் வாங்கிய கோல் ஒன்றேனுமில்லை. கோல் காத்தவர் ரிச்சட் அலன்.  

பொற்பதக்கத்தோடு அவர்கள் பம்பாய்க்கு மீண்டபோது துறைமுகத்திற் பெருந்திரளான மக்கள் கூடியிருந்தனர். மூவர் நின்ற இடத்தில் இப்போது நிற்பதற்கு இடமிருக்கவில்லை. வெற்றிக்குப் பின் கூடுவோர் என்றும் பலர். புறப்படும்போது உடன் நிற்போர் சிலரே.

மறுக்கப்பட்ட விடுமுறை

உலகமே வியந்த வீரருக்குப் பின்னர் நேர்ந்தது யாது? அவர் படைப்பிரிவு வடமேற்கு எல்லையிலுள்ள வசிரிஸ்தானுக்கு அனுப்பப்பட்டது. இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த அம்மலைநாட்டில் துப்பாக்கிக்கு வேலையுண்டு. ஹொக்கி மட்டைக்கு வேலையில்லை. 1932ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவுக்கான மாகாணப் போட்டிகள் வந்தபோது தியான் சந்துக்கு விடுமுறை மறுக்கப்பட்டது. உலகில் அவருக்கு நிகராக எவருமில்லை என்பது யாவர்க்குந் தெரியும். எனினும் ஒரு சிறு விடுமுறைச் சீட்டின்றி அவராற் பாளையத்தின் வாயிலைக் கடக்க இயலாது. ஏனையோர் அனைவரும் போட்டியில் ஆடியே தகுதி பெறவேண்டியிருக்க, சம்மேளனத்தார் தியான் சந்தை மட்டும் அத்தேர்வின்றியே அணியிற் சேர்த்துக்கொண்டனர்.

அவர் தம்பி ரூப் சிங்குக்கு அச்சலுகை கிட்டவில்லை. ஐக்கிய மாகாண அணியில் ஆடி, தம் திறமையைக் காட்டியே அவர் இடம்பெற்றார். அண்ணனின் இடப்புறத்தே நின்று ஆடும் இவர், தாமும் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவராக விளங்கியவர். தலைமை லால் ஷா பொக்காரி என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் செல்லும் வழியில் அவ்வணி எமது இலங்கைத் தீவிலும் தங்கி, இலங்கையணியோடு இரண்டு ஆட்டங்கள் ஆடிற்று. ஒன்றில் 20 கோல்கள். மற்றொன்றில் 10 கோல்கள். எம்மவர் போட்ட கோல் ஒன்றுமில்லை. இதனை இம்மலரில் எழுதுதற்கு நாம் நாணவில்லை. தோல்வியுறுவோம் என அறிந்தும் முதலாட்டத்தின் பின் இரண்டாம் ஆட்டத்துக்கு மைதானத்தில் இறங்கிய அவ்விலங்கை வீரரையும் நாம் மதிக்கின்றோம். இருபது பத்தாகக் குறைந்ததும் ஒரு முன்னேற்றமே. சில கிழமைகளின் பின் ஐக்கிய அமெரிக்காவின் அணிக்கு நேர்ந்ததை நோக்கின், எமக்கு நேர்ந்தது பெருங்குறையுமன்று.

லொஸ் ஏஞ்சல்சில் ஹொக்கிக்கு வந்திருந்த அணிகள் மூன்றே. நெடுந்தூரப் பயணமும் அந்நாளைய பொருளாதார மந்தமும் ஏனைய நாட்டாரைத் தடுத்தன. இந்தியா ஜப்பானை 11க்கு 1 எனவும், ஓகஸ்ட் 11ஆம் திகதி அமெரிக்காவை 24க்கு 1 எனவும் வென்றது. அமெரிக்காவுக்கெதிரான ஆட்டத்தில் ரூப் சிங் பத்துக் கோல்களும், தியான் சந்த் எட்டுக் கோல்களும் போட்டனர். தம்பி தம்மை விஞ்சியதில் அண்ணனுக்கு வருத்தமிருந்ததாகத் தெரியவில்லை. அவ்வெண்ணிக்கையுட் பலவற்றுக்குப் பந்தை ஈந்தவரும் நடுவில் நின்ற அண்ணனேயாவார்.

தலைமை

1935ஆம் ஆண்டில் இந்திய அணி மீண்டும் நியூசிலாந்து சென்றது. தலைமைப் பதவி முதலில் மாணவதர் நவாப்புக்கே அளிக்கப்படவிருந்தது. அவர் செல்லாமையால் அது தியான் சந்தை வந்தடைந்தது. படிப்பும் சமூக அந்தஸ்தும் உடையவருக்கே தலைமை உரியதெனக் கருதப்பட்ட காலம் அது. இந்தியா, இலங்கை, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் அச்சுற்றுப்பயணத்தில் 48 ஆட்டங்கள் நிகழ்ந்தன. அணி போட்ட கோல்கள் 584. அவற்றுள் 201 தியான் சந்துடையவை. அதன்பின் அவருடைய தகுதியைப் பற்றி எவரும் வினாவ இயலவில்லை.

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்குக்கான மாகாணப் போட்டிக்கும் பட்டாளத்தார் அவருக்கு விடுமுறை அளிக்கவில்லை. மீண்டும் அவர் தேர்வின்றியே சேர்க்கப்பட்டார். இம்முறை தலைவராகவே சென்றார். பெர்லின் அடைந்து, யூலை 17ஆம் திகதி ஜேர்மன் அணியோடு ஒரு பயிற்சியாட்டம் ஆடினர். இந்தியா 4க்கு 1 எனத் தோற்றது. எட்டாண்டுகளாக உலகை வென்றவர், உலகின் முன்னிலையில் மானம் இழக்கும் நிலை. தாம் உயிரோடிருக்குமளவும் அத்தோல்வியை மறக்கவியலாதென அவர் பின்னர் எழுதினார்.

இடுக்கண் நேர்ந்தபோது தலைவன் செய்யத்தக்கது யாது? தியான் சந்த் எவர்மீதும் பழி சுமத்தவில்லை. முன்னணியில் ஒரு குறையிருப்பதை உணர்ந்தனர். அலி தாரா என்பவரை உடனே அனுப்புமாறு தாயகத்துக்குச் செய்தி விடுத்தனர். அவர் அரையிறுதியாட்டத்துக்கு வந்து சேர்ந்தார். ஹங்கேரி, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய மூன்றையும் ஒரு கோலும் வாங்காது வென்ற இந்தியா, அரையிறுதியிற் பிரான்சை 10க்கு 0 என வென்றது. இறுதியாட்டத்தில் எதிர்நின்றவர் அதே ஜேர்மனியர்.

ஓகஸ்ட் 14ஆம் திகதி நடைபெறவிருந்த அவ்வாட்டம் மழையால் மறுநாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. 15ஆம் திகதி காலையில் வீரர் உள்ளத்தில் அந்த யூலைத் தோல்வியின் நினைவே நின்றது. ஆடையணியும் அறையில், அணியின் உதவி முகாமையாளராகிய பங்கஜ் குப்தா ஒரு மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். அது காங்கிரசின் கொடி, அரசாங்கத்தின் கொடியன்று. பிரித்தானியக் கொடியின் கீழ் ஆடவந்த அவ்வீரர்கள் அதற்கு வணக்கஞ் செலுத்திவிட்டு மைதானத்துட் புகுந்தனர். அவர்களுள் இந்துக்களும், முஸ்லிம்களும், கிறித்தவர்களும் இருந்தனர். பட்டாளத்திற் சம்பளம் பெறும் சிப்பாயொருவருக்கு அவ்வணக்கம் எளிய செயலன்று. பதினோராண்டுகளின் பின், 1947ஆம் ஆண்டில், அதே ஓகஸ்ட் 15ஆம் திகதியில் இந்தியா சுதந்திரமடைந்தது.

மைதானம் ஈரமாயிருந்தது. முதற்பாதியில் இந்தியாவால் ஒரு கோல் மட்டுமே போட முடிந்தது. இடைவேளையின் பின் தியான் சந்த் ஆணி பதித்த தம் காலணிகளையுங் காலுறைகளையுங் கழற்றிவிட்டார். உறையற்ற கால்களோடு, றப்பர் அடியுடைய காலணியணிந்து ஆடத் தொடங்கினார். தில்லிப் பாளையத்தில் ஆடிய சிறுவனே மீண்டும் வந்ததுபோலாயிற்று. ஆட்டம் 8க்கு 1 என முடிந்தது. அவ்விழா முழுவதிலும் இந்தியாவுக்கெதிராக எவரும் போட்ட கோல் அந்த ஒன்றே.

அவர் தெரிந்தெடுத்த ஆட்டம்

இவ்வாறு மூன்று ஒலிம்பிக் பொற்பதக்கங்களைப் பெற்ற ஒருவரிடம், தம் வாழ்வில் ஆடிய மிகச் சிறந்த ஆட்டம் எதுவென வினவின், பெர்லினையோ அம்ஸ்ரர்டாமையோ சுட்டுவாரென நாம் எதிர்பார்ப்போம். அவர் தயங்காது சுட்டியது வேறொன்றை. 1933ஆம் ஆண்டு கல்கத்தாவில் நிகழ்ந்த பெய்ற்றன் கிண்ண இறுதியாட்டமே அது. அவர் ஆடியது சொந்த ஊரின் ஜான்சி ஹீரோஸ் கழகத்துக்காக. எதிரணி கல்கத்தாச் சுங்கப் பகுதியினர். பெயர்பெற்ற வீரர் பலரைக் கொண்ட வலிய அணி.  

ஆட்டத்தின் பெரும்பகுதியிற் சுங்க அணியே நெருக்கிக்கொண்டிருந்தது. ஜான்சி அணி தன் கோலைக் காப்பதே அரிதாயிற்று. அவ்வேளையில் நடுவில் நின்ற தியான் சந்துக்கு ஒருமுறை பந்து கிடைத்தது. எதிரணியார் முன்னேறி வந்தமையால் அவர்க்குப் பின்னே வெளியிருப்பதை அவர் கண்டார். பந்தைத் தாமே கொண்டோட முயலாது, இஸ்மாயில் என்னுந் தோழருக்கு நெடுந்தூரம் தள்ளிவிட்டார். இஸ்மாயில் மைதானத்தின் பாதியளவு ஓடினார். எதிரணியின் கோல் காப்பவருக்கும் இடப்புறக் காவலருக்குமிடையே ஒரு கணம் குழப்பம் நேர்ந்தது. இஸ்மாயில் அவர்களை ஊடறுத்துக் கோல் போட்டார். அவ்வாட்டத்தில் விழுந்த கோல் அது ஒன்றே. கிண்ணம் ஜான்சிக்குச் சென்றது.

நூற்றுக்கணக்கான கோல்களைப் போட்ட வீரர், தம் வாழ்வின் சிறந்த ஆட்டமெனத் தெரிந்தெடுத்ததில் வெற்றிக் கோலைப் போட்டவர் வேறொருவர். இதனினும் சிறந்த சான்று அவர் பண்புக்கு வேண்டியதில்லை. உலகின் அணிகளை வென்றதினும், தம்மூர் இளைஞரோடு சேர்ந்து தம்மினும் வலியாரை எதிர்த்துத் தாங்கி நின்று, கிடைத்த ஒரே வாய்ப்பைத் தோழன் கையில் ஒப்படைத்ததையே அவர் பெரிதாக எண்ணினார்.

பிற்காலம்

இரண்டாம் உலகப்போர் மூண்டமையால் 1940ஆம், 1944ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் விழாக்கள் நடைபெறவில்லை. அவருடைய எஞ்சிய ஆட்டக்காலம் அதனோடு கழிந்தது. 1952ஆம் ஆண்டில் அவருடைய வரலாற்று நூல் கோல் என்னும் பெயருடன் சென்னையிலிருந்து வெளிவந்தது. சிப்பாயாகச் சேர்ந்தவர் மேஜர் பதவிவரை உயர்ந்து, 1956ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றார். அவ்வாண்டே இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிற்று. பின்னர் பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிலையத்திற் பயிற்சியாளராகப் பணியாற்றினார். பாலே திவாரி தமக்குச் செய்ததை அவர் பிறர்க்குச் செய்யத் தொடங்கினார் எனலாம். 1975ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை வென்ற கோலைப் போட்ட அசோக் குமார் அவருடைய மைந்தரேயாவார்.

1979ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி அவர் டில்லியில் நோயுற்று இறந்தார். அவருடலை ஜான்சிக்குக் கொண்டுசென்று, ஜான்சி ஹீரோஸ் கழக மைதானத்திலேயே தகனஞ் செய்தனர். டில்லியிலுள்ள தேசிய அரங்கு 2002ஆம் ஆண்டில் அவர் பெயரைப் பெற்றது. இந்தியாவின் அதியுயர் விளையாட்டு விருதும் 2021ஆம் ஆண்டில் அவர் பெயரால் வழங்கத் தொடங்கிற்று. அவர் பிறந்த ஓகஸ்ட் 29ஆம் நாளை இந்தியர் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடுகின்றனர். ஒருகாலத்தில் ஒரு விடுமுறைச் சீட்டைப் பெறமாட்டாதிருந்தவரின் பிறந்தநாளில், ஒரு தேசமே மைதானத்தில் இறங்குகின்றது.

எமது கல்லூரி மைதானத்தில் மாலைவேளையிற் பயிலும் மாணவர்க்கு இவ்வரலாறு சிலவற்றை உணர்த்தும். காலந்தாழ்த்துத் தொடங்கினோம் என வருந்தவேண்டியதில்லை. தியான் சந்த் பதினேழு வயதிலே தொடங்கினார். நல்ல ஆசானைக் கண்டால் அவர் சொல்லைப் பற்றிக்கொள்ளல் வேண்டும். பந்து தம் மட்டைக்கு வந்தபோது, தம்மினும் நல்ல இடத்தில் நிற்கும் தோழனைத் தேடிப் பார்த்தல் வேண்டும். ஆசிரியர்க்கும் ஒன்று கூற விழைகின்றோம். பாலே திவாரி இச்சிறுவனைத் தம்மருகே அழைத்த நாளில், அவன் யாராக வருவான் என்பதை அறிந்திருக்கவில்லை. அறியாமலே அழைத்தார். நாளை மாலை மைதானத்தின் ஓரத்தில் தனித்து நிற்கும் மாணவன் ஒருவனை நாமும் அவ்வாறே உள்ளே அழைப்போமாக.